நாலாம் பாட்டு

முதல் மூன்று பாட்டு.
ஃபிளாஷ் கூடாது.
அப்புறம் காவலாள் வந்து தோளைத் தொடுவான்,
மேடைக்கு முதுகு காட்டி வெளியே நடக்க வேண்டும்.
அதுதான் சட்டம் என்றார் டெனிஸ் ஹெப்டன்,
விமான நிலையத்திலிருந்து வரும் வழியில்.
சட்டம் என்றதும் சிரித்துவிட்டேன்.
டர்பனில் பிறந்தவனிடம் சொல்கிறார்.

மூன்று பெட்டி, ஒரு சின்ன ஏணி, ஒரு ஐஸ்பெட்டி.
மார்ச் மாதப் புழுக்கம் ஃபிலிமைத் தின்றுவிடுமாம்.
திறந்தால் ஐஸ் எல்லாம் தண்ணீர்.
தேவநாயகி எனக்குக் கொடுத்தனுப்பிய மோர்ப் புட்டிதான்
அந்த வண்டியிலேயே குளிர்ந்த பொருள்.
அதையும் உள்ளே வைத்து மூடினோம்.

இடக்காது அவருக்கு வேலை செய்யாது.
முப்பது வருஷம் ஒலிபெருக்கிக்கு அடியில் நின்ற காது.
நல்லவேளை, எங்கள் ஊரில் ஸ்டியரிங் வலப்பக்கம்.
நான் பேசியதெல்லாம் நல்ல காதில் விழுந்தது.
அவர் பேசியதுதான் எனக்குப் பாதி விழவில்லை.

விழுந்தது இவ்வளவு:
லீட்ஸில் கல்யாணப் படம் எடுத்துக்கொண்டிருந்தவர்.
ஒரு கல்யாணத்தில் வாசித்த நாலு பையன்கள்
ஆறே மாதத்தில் இங்கிலாந்தைக் கத்தவைத்தார்கள்.
அவர்களோடு வேனில் ஏறியவர் இறங்கவே இல்லை.
மைக்கை உதட்டில் அழுத்திக் கண்மூடி நிற்கும் பாடகன்,
அந்தப் படம் எத்தனையோ பனியன்களில் இருக்கிறது.
எங்கள் சாட்ஸ்வொர்த்தில்கூட
பெட்ரோல் பங்குப் பையன் ஒருவன் போட்டிருக்கிறான்.
கிடைத்தது நாற்பது பவுண்டு.
பாடகன் இருபத்தாறில் செத்தான்.
சாவுக்குப் போனபோது அவன் அம்மா கேட்டாளாம்,
கண் திறந்த படம் ஒன்றாவது இருக்கிறதா என்று.
தேடினேன், என்றார்.
ரோபோ பச்சையானது. வண்டியை எடுத்தேன்.

கிங்ஸ் பார்க் வாசலில் ஒரே வரிசை.
முதல் ஓட்டுப் போட்டு இன்னும் ஒரு வருஷம் ஆகவில்லை.
எங்கள் ஆட்கள் சிலர் யாரும் கேட்காமலே
ஒதுங்கி வழிவிட்டார்கள்.
காலுக்குச் செய்தி எட்ட நாளாகும்.

கால்மணி நேரம்.
சட்டை உடம்போடு ஒட்ட ஓடிவந்து ஏறினார்.
எட்டுச் சுருள், மோருக்குப் பக்கத்தில்.
ஆளுக்கொரு கால் ரொட்டி மட்டன் வாங்கி வைத்திருந்தேன்.
கரண்டி கேட்டார். கையைக் காட்டினேன்.

உள்ளே அடுத்தது தொடங்கியது.
இது என்ன பாட்டு? என்று என்னைக் கேட்டார்.
நாலாவது, என்றேன்.
எத்தனையோ வருஷமாய் அவர் நாலாவது கேட்டதே இல்லையாம்.
கூட்டம் கத்திக்கொண்டிருக்கும்போது
ஏதோ ஒரு ஓட்டல் குளியலறையில்
துண்டு போட்டு வெளிச்சத்தை அடைத்துக்கொண்டிருப்பாராம்.

பதினாறு வயதில் நான் சிட்டி ஹாலின் பின்சந்தில் நின்றவன்.
உள்ளே வெள்ளைக்காரர்களுக்கு மட்டும்.
சுவரைத் தாண்டி பேஸ் வரும், வயிற்றில் தட்டும்.
மெட்டுக்கு எங்கள் பக்கம் வரப் பாஸ் கிடையாது.
ஆனால் முன்கூட்டிக் கிளம்பும் கார்க்காரர்களுக்காகக்
கடைசியில் ஒரு கதவைத் திறப்பார்கள்.
அந்த இடுக்கில் எனக்கு நிறைய முடிவுகள் தெரியும்.
ஒன்றுக்கும் தொடக்கம் தெரியாது.

மெல்லுவதை நிறுத்தினார்.
எப்படி முடிப்பார்கள்?

குழம்புக் கையாலேயே ஸ்டியரிங்கில் தட்டிக் காட்டினேன்.
டிரம்காரன் இருப்பதையெல்லாம் கொட்டி ஓய்வான்.
ஓய்ந்தான் என்று நினைக்கையில் இன்னொரு அடி.
நன்றி டர்பன் என்று ஒருவன் கத்துவான்.
அது நம்மை அல்ல.

அவர் பதில் சொல்லவில்லை.
செருப்பைக் கழற்றினார்.
மைதானம் இருந்தது அவருடைய செத்த காதுப் பக்கம்.
சீட்டில் பின்புறமாய் மண்டியிட்டு,
பஸ்ஸில் குழந்தைகள் ஏறி உட்காருவதுபோல,
நல்ல காதைக் கண்ணாடியில் வைத்தார்.
கண் மூடியிருந்தது.
பதினாலு பாட்டும் அப்படியே.
என்னிடம் கேமரா இல்லை.

இறக்கிவிடும்போது
ஒரு படமாவது எடுப்பார் என்று தலை சீவிக்கொண்டேன்.
கை கொடுத்தார், ஐஸ்பெட்டியைத் தூக்கினார், போய்விட்டார்.
மோர்ப் புட்டியும் அதோடு போயிற்று.
நல்ல கண்ணாடிப் புட்டி, இறுக்கமான மூடி.
தேவநாயகி இன்றைக்கும் கேட்கிறாள்.